தரையில் உட்காருவதில்லை

அம்மாவின் வலது முழங்காலில், தழும்புக்கு வெளிப்பக்கமாக, உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மரத்துப்போயிருக்கிறது. மூட்டு மாற்று அறுவை நடந்து பதினொரு வருடம் ஆகிறது. அந்த இடத்துக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவே இல்லை. தோலைக் கீறும்போது சின்ன நரம்பு ஒன்று அறுபடும், நிறையப் பேருக்கு அப்படித்தான், பயப்பட வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். ஒருமுறை சூடான டீ டம்ளரை அதன்மேல் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்து எழுந்து, புடவையை இறக்கிவிடும்போது பார்த்தால் வட்டமாகச் சிவந்திருந்தது. யாரோ ஒருத்தியின் காலை வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று சொல்வாள். குறையாகச் சொல்வதில்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோல் சொல்வாள்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். கூடத்தில் இரண்டு தறிகள். வாசல் பக்கம் இருப்பது அப்பாவுடையது, உள்பக்கம் இருப்பது அம்மாவுடையது. இரண்டுமே குழித்தறி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு இப்போது ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். தேய்மானம் பார்ப்பதுதான் வேலை. வீட்டுக்கு இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது நான் டிப்ளமோ இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது.

செயற்கை மூட்டு வைக்க நாற்பத்தெட்டு கொஞ்சம் சின்ன வயதுதான் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் முதலில் தயங்கினார். ஆனால் அம்மாவால் அப்போது கொல்லைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் ஒற்றைப் படியைக்கூட ஏற முடியவில்லை. பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம்கூட வரும், இல்லையென்றால் நடுவிலேயே கழற்றி வேறு போட வேண்டியிருக்கும், இரண்டாவது தடவை முதல் தடவை மாதிரி லேசாக இருக்காது என்றார். சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த அறையில் படித்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

டிஸ்சார்ஜ் ஆன அன்றே ஆஸ்பத்திரியில் கொடுத்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன். தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. குந்தக் கூடாது. கனமானதைத் தூக்கக் கூடாது. எழுதிய அட்டையை அம்மாவின் தறிக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டு, "இத்தினி கூடாதா. கூடும்னு ஒண்ணும் எய்தலியா அந்த டாக்டர்" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த அட்டைதான் சட்டம். கழிப்பறையில் உட்கார நாற்காலி மாதிரி ஒன்றை அப்பா வாங்கிப் பொருத்தினார். அரிவாள்மனை பரண்மேல் ஏறியது. அம்மா ஸ்டூலில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். கல்யாணப் பந்தி, காதுகுத்து, எங்கே போனாலும் அப்பா ஒரு பிளாஸ்டிக் சேரைத் தேடிக்கொண்டு அலைவார். எதிர்வீட்டு அத்தைக்கு இதில் நல்ல தமாஷ். ஒருநாள் கோயில் வாசலில் சோதனை வளையத்துக்குள் நுழையும்போது அம்மாவின் கால் பீப் என்று கத்திவிட்டது. பின்னாலேயே வந்த அத்தை போலீஸ்காரம்மாவிடம், "வுடும்மா, அவ காலு பெருமாள் நகைய விட ஒசத்தி. நாங்களே தொட்டுப் பாக்கறதில்ல" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

மிச்சமிருந்தது தறிதான். மூன்றாவது மாதச் சோதனைக்குப் போனபோது, என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். நெசவு என்றாள் அம்மா. அவர் என் பக்கம் திரும்பி, தரையில் உட்கார்ந்து செய்கிற வேலையா என்றார். இல்லை சார், காலைத் தொங்கப் போட்டுத்தான் உட்காருவார்கள், சேரில் உட்காருவது மாதிரியே இருக்கும் என்றேன். அப்படியானால் பரவாயில்லை, இன்னும் மூன்று மாதம் போகட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம் என்றார்.

நான் சொன்னது பொய் இல்லை. குழித்தறியில் பலகை தரை மட்டத்தில் இருந்தாலும் அதன்மேல் உட்காருகிறவரின் கால் குழிக்குள் தொங்கும். எங்கள் தெருவில் யாரும் அதைத் தரையில் உட்காருவது என்று சொல்ல மாட்டார்கள். தறியில் உட்காருவது வேறு, தரையில் உட்காருவது வேறு. இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவைக் குழிக்குள் இறக்கி உட்காரவைத்து, என் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து அவருடைய முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தேன். தொண்ணூறு டிகிரி. அப்புறம் சேரில் உட்காரவைத்து அளந்தேன். அதே தொண்ணூறு. நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். அப்பா ரொம்பப் பெருமையாக அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். ஆறாவது மாதம் அம்மா தறிக்கு இறங்கினாள்.

வருடங்கள் நன்றாகவே போயின. இதைச் சொல்லியாக வேண்டும். அந்த மூட்டு கெட்ட மூட்டு இல்லை. அம்மா நடந்தாள். படி ஏறினாள். வைகாசித் திருவிழாவில் கருடசேவைக்கு விளக்கடி கோயில் தெருவில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தாள். வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவோம். எக்ஸ்ரே எடுப்பார்கள், ஒரு படிவம் கொடுப்பார்கள். வலி உண்டா, எவ்வளவு தூரம் நடக்கிறார், தடி வேண்டியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். நான் நிரப்புவேன். தரையில் உட்காருகிறாரா என்ற கேள்விக்கு எதிரே ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலை எழுதினேன். தரையில் உட்காருவதில்லை. டிக் போட்டால் போதும் என்பார்கள். நான் முழு வாக்கியமாக எழுதுவேன். பரீட்சையில் நன்றாகத் தெரிந்த கேள்வி வந்தால் அப்படித்தானே எழுதுவோம்.

ஆறாவது வருடம் பெரியம்மா இறந்துபோனாள். அம்மாவின் ஒரே அக்கா. முசரவாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சின்ன வயதிலேயே தாயில்லாமல் போனதால் அம்மாவை வளர்த்தது அவள்தான். நாங்கள் போய்ச் சேரும்போது கூடத்தின் நடுவே கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்குள் நுழைகிற பெண் நேராகப் போய் அந்த வட்டத்தில் உட்கார வேண்டும். இரண்டு பேர் நகர்ந்து அவளுக்கு இடம் விடுவார்கள். அம்மா உள்ளே நுழைந்ததும் அப்படித்தான் இரண்டு பேர் நகர்ந்தார்கள்.

அம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

வெளியே பந்தலுக்குப் போய் நீல நிற பிளாஸ்டிக் சேர் ஒன்றை நானே தூக்கிவந்து வட்டத்துக்கு வெளியே போட்டேன். அம்மா அதில் உட்கார்ந்தாள். மற்ற பெண்களுடைய தலைகள் அவளுடைய முட்டி உயரத்தில் இருந்தன. கையை நீட்டிப் பார்த்தாள், யாருடைய தோளும் சரியாக எட்டவில்லை. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. சேரில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு அழ வராது போலிருக்கிறது. பெரியப்பா பக்கத்து உறவுக்காரி ஒருத்தி காதில் விழும்படியாகவே சொன்னாள்: "இன்னா காலமோ. அக்காளுக்கு அழுவறதுக்கும் சேர் வோணுமாம்." எனக்குக் கோபம் வந்தது. படிக்காத ஜனங்கள், இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. காரியம் முடிந்து வீடு வந்த மறுநாள் அம்மா தறியில் இறங்கினாள். தறியில் ஒரு புடவையின் முந்தானை பாதி நெய்தபடி நின்றிருந்தது.

இந்த வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் அப்பா என்னைத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய், அம்மா மிதிக்கிற சத்தம் மாறிப்போய்விட்டது என்றார். முப்பது வருடத்துக்கு மேலாகப் பக்கத்துத் தறியில் இருக்கிறவர். மிதிகட்டையில் வலது கால் விழுகிற சத்தம் சன்னமாகிவிட்டதாம், இடது காலாலேயே இழுத்துக்கொண்டிருக்கிறாளாம். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலு அடி வைக்க முடியவில்லை, நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறது, இப்படித்தான் எட்டு மாதமாக இருக்கிறது என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ ஃபாரத்துல நல்லா இருக்குதுன்னு எய்திக்கினு இருந்த. அத்த ஏன் கெடுக்கணும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பழைய டாக்டர் இல்லை. புதியவர் ஆரணிப் பக்கத்துக்காரர். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் மாட்டி, உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே ஓடிய மெல்லிய கறுப்புக் கோட்டைப் பேனாவால் காட்டினார். அந்தக் கோடு அங்கே இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேய்கிறது, தேய்ந்த தூளை உடம்பு தின்னப் பார்க்கிறது, கூடவே பக்கத்தில் இருக்கும் எலும்பையும் தின்றுவிடுகிறது, பிடிமானம் போய் மூட்டு ஆட ஆரம்பிக்கிறது என்றார். என்னுடைய வேலையில் தினமும் பார்க்கிற விஷயம். இரண்டு பாகத்துக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டால் அந்தப் பாகத்தை ஒதுக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுவோம். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பைப் புரட்டினார். பத்து வருடமாக நான் எழுதிய வாக்கியங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துபோயின. பிறகு அம்மாவிடம், குழித்தறியா என்று கேட்டார். அவருடைய தாத்தா வீட்டிலும் தறி இருந்ததாம். ஆமாம் என்றாள் அம்மா.

"எப்படிம்மா குழியிலிருந்து எழுந்து வருவீங்க?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை. பரிசோதனைக் கட்டிலுக்கு ஏற வைத்திருந்த சின்ன மரப்படியில் உட்கார்ந்து காட்டினாள். நெய்கிறவரின் மடிக்கு மேலே, துணியைச் சுற்றுகிற கட்டை குறுக்கே இருக்கும். நேராக எழுந்து நிற்க முடியாது. பக்கவாட்டில் திரும்பி, வலது காலைக் குழியிலிருந்து தூக்கித் தரையில் ஊன்ற வேண்டும். அப்போது முட்டி மடங்கி மார்பு வரை வரும். மடங்கிய அந்த ஒரே காலின்மேல் உடம்பு முழுவதையும் ஏற்றி, ஒரு திருகு திருகி எழுந்துவிட வேண்டும். அம்மா வலியோடேயே முகத்தைச் சுளிக்காமல் செய்து காட்டினாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டார். இழை அறுந்தால் எழுந்து பின்னால் போக வேண்டும், பால்காரர் வந்தால் எழ வேண்டும், உலை கொதித்தால் எழ வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். எண்ணவில்லை என்றாள்.

நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அசைவு அது. அன்றைக்குத்தான் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும்போது மடங்கும் முட்டியைத்தான் அளந்தேனே தவிர, எழும்போது மடங்குவதை அளக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் ஒருவருக்குமே தோன்றியிருக்காது. தறியிலிருந்து எழுவதை நாங்கள் ஒரு செயலாக நினைத்ததே இல்லை.

அதனால்தான் இப்படி ஆகிவிட்டதா என்று டாக்டரைக் கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்றுகூட இருந்தது.

"சொல்ல முடியாது தம்பி. தறிப்பக்கமே போகாதவங்களுக்கும் இப்படி ஆகுது. மூட்டு வெச்சிட்டுப் பதினஞ்சு வருஷம் தறி மிதிச்சவங்க நல்லாவும் நடக்கறாங்க. சின்ன வயசுல வெச்சது, ஒரு காரணம். எலும்பு ஒரு காரணம். எதுன்னு எழுதறது."

அவர் எதையும் எழுதவில்லை. அப்போதுதான் அம்மா கேட்டாள்.

"டாக்டரய்யா, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு தரையில ஒக்காந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

எப்போதோ உட்கார்ந்ததை ஒப்புக்கொள்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். சிரித்தபடி, "ஒரு நாள் உக்காந்ததுல ஒண்ணும் ஆயிருக்காதும்மா. அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க" என்றார்.

சரி என்றாள் அம்மா. அவள் என் பக்கம் திரும்பவில்லை. அப்பா சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது சும்மா கேட்ட கேள்வி. எனக்கு அந்த நீல நிற சேரின் கையில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.

இரண்டாவது அறுவையைப் பற்றி டாக்டர் விளக்கினார். பழையதைக் கழற்ற வேண்டும். எலும்பு குறைந்திருப்பதால் நீளமான தண்டு வைத்த மூட்டுப் போட வேண்டும். முதல் மூட்டு மாதிரி சுலபமாக மடங்கும் என்று சொல்ல முடியாது. போடாமல் விட்டால் எலும்பு இன்னும் கரையும், பிறகு போட நினைத்தாலும் போட முடியாமல் போகும். எப்படியானாலும் குழிக்குள் இனி இறங்கக் கூடாது. அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். மாத்திக்கலாம் என்றாள். மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கம்பெனியில் ஒரு பாகம் தோற்றுப்போனால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கோப்பை மூட முடியாது. இங்கே அப்படி ஒரு கட்டமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்த காலண்டர் அட்டையைக் கழற்றினேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாளே அப்பா ஆசாரியிடம் பேசி, அம்மாவின் தறியை உயரத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த முடியுமா என்று பார்க்க வரச் சொன்னார். ஆசாரி வந்து அளந்துகொண்டு போனார். கோணமானி எதுவும் கொண்டுவரவில்லை. அம்மாவை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, நூல்கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, முசரவாக்கம் போய்வரலாம் என்றாள் அம்மா. என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். பெரியப்பா மட்டும்தான் வீட்டில் இருந்தார். அந்தக் கூடத்துக்கு இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். பெரியம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பழக்க தோஷத்தில் ஓரமாக இருந்த சேரைக் கையில் எடுத்துவிட்டேன்.

"வெச்சிடு. எப்பிடியும் கழட்டப் போற மூட்டு தானேப்பா. இப்ப இன்னா ஆயிடப் போவுது."

சேரைக் கீழே வைத்தேன். நானும் பெரியப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளை மெதுவாக இறக்கினோம். கடைசி ஒரு சாணில் கால் மடங்க மறுத்துவிட்டது, சட்டென்று விழுகிற மாதிரி உட்கார்ந்தாள். வலது காலை நேராக நீட்டிக்கொண்டாள். பதினொரு வருடம் கழித்து அம்மாவைத் தரையில் பார்க்கிறேன். சின்னதாக இருந்தாள். டைல்ஸ்மேல் உள்ளங்கையை வைத்து, துடைப்பதுபோல் இரண்டு தடவை தேய்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவளுடைய முகத்தில் எதையும் என்னால் படிக்க முடியவில்லை. பெரியப்பா என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். நான் அவள் பக்கத்தில், ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன். இடம் ஏன் விட்டேன் என்று தெரியவில்லை.

டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். தழும்புக்கு வெளிப்பக்கம், அந்த மரத்த இடத்தில். டம்ளரில் ஆவி வந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டி அதை எடுத்துத் தரையில் வைத்தேன்.

"சுடலப்பா."

தெரியும் என்றேன்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ மாட்டை அதட்டினார்கள். டீ ஆறி ஏடு படிகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அம்மா என் தோளில் கை போட்டாள். அந்த உயரத்தில் அவளுக்குத் தோள் சரியாக எட்டியது. தலையைச் சாய்ப்பாளோ என்று அசையாமல் இருந்தேன். அவள் பிடிமானத்துக்குத்தான் கை போட்டிருந்தாள்.

"போதும். தூக்கு" என்றாள்.